முக்கால் வேகம்

கல்மண்டபத்து லியோனார்ட் கப்பலேறிப் போய் அப்படி என்னதான் வேலை பார்க்கிறான் என்பதை அவனைப் பெற்ற அடைக்கலமேரிக்கு யாராலும் விளங்க வைக்க முடியவில்லை. லண்டன் கம்பெனி அச்சடித்துக் கொடுத்த சின்னச் சீட்டில் அவன் பேருக்குக் கீழே 'மேனேஜ்மென்ட் கன்சல்டன்ட்' என்று போட்டிருந்தது. பங்குச் சாமியார் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "நிர்வாகத்துக்கு ஆலோசனை சொல்றவர்னு அர்த்தம்மா" என்றார். அடைக்கலமேரிக்கு அது போதவில்லை.

"யாருக்கு நைனா ஆலோசனை சொல்ற?"

"கம்பெனிக்காரனுக்கும்மா."

"அவனுக்குத் தெரியாதது உனுக்கு இன்னா தெரியும்?"

"ஆளுங்க வேலை செய்றதை நின்னு பாப்பேன். எத்தினி நிமிஷம் ஆவுதுன்னு குறிச்சுக்குவேன். அப்பால எழுதிக் குடுப்பேன்."

அடைக்கலமேரி மகனை மேலும் கீழும் பார்த்தாள். அவள் புருஷன் ஜேக்கப் துறைமுகத்தில் முப்பது வருஷம் சரக்குத் தூக்கும் விஞ்சு ஓட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தவர். "அடுத்தவன் வேலை செய்றத நின்னு பாக்கறதுக்கா சம்பளம்? அத்த இங்கியே மீன் மார்க்கெட்டாண்ட நின்னு பாரேன். ஏழு நாளு கப்பல்ல வாந்தி எட்துக்கினு போவணுமா?"

கேட்டதில் தப்பில்லை. ஆனால் நின்று பார்ப்பது லேசுப்பட்ட வேலை என்று நினைக்கிறவர்கள், அந்தக் காலத்தில் எண்ணூர் நெடுஞ்சாலைத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்டாப் வாட்ச்சோடு ஒரு நாள் நின்றிருக்க வேண்டும். அப்போது தெரிந்திருக்கும் சங்கதி.

லியோனார்ட் என்ஜின் உதிரிப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஐம்பத்தேழாம் வருஷம் அப்ரண்டிஸாகச் சேர்ந்தான். கையெழுத்து நன்றாக இருந்ததாலும், கணக்கில் கெட்டி என்பதாலும், அறுபத்திரண்டில் அவனை ஆறு வாரம் படிக்க அனுப்பி, 'வொர்க் ஸ்டடி' பிரிவில் உட்கார வைத்தார்கள். ஒரு இரும்புத் துண்டில் துளை போட எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பார்த்து எழுதுவது வேலை. அந்த நிமிஷத்தை வைத்து ஒரு ஷிப்டுக்கு எத்தனை துண்டு என்று நிர்வாகம் முடிவு கட்டும். அதனால் வாட்ச்சைக் கண்டால் எவனும் வேகமாக வேலை செய்ய மாட்டான். இன்றைக்கு வேகம் காட்டினால் நாளைக்கு அதுவே அளவாகிவிடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

இந்த இழுத்தடிப்பில் ராஜா என்றால் கிருஷ்ணப்பன்தான். வியாசர்பாடியிலிருந்து சைக்கிளில் வருகிறவன், டிரில்லிங் மிஷினில் நிற்பவன், லியோனார்டோடு ஒன்றாகச் சேர்ந்த தோஸ்து. வாட்ச் வருகிறது என்று தெரிந்ததுமே அவனுக்கு எங்கிருந்துதான் சுத்தம் வருமோ! மேஜையைத் துடைப்பான். துடைத்த மேஜையை மறுபடி துடைப்பான். துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, நகை வாங்குகிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்ப்பான். நடுவில் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு பெருமூச்சு வேறு.

"இன்னாடா கிருஷ்ணப்பா, முதுகு வலியா?"

"நீ வந்தா மட்டும் வலிக்குது மாமு. இன்னான்னே தெரில."

இதற்கு வொர்க் ஸ்டடியில் மருந்து இருந்தது. ரேட்டிங் என்று பெயர். நேரத்தைக் குறிப்பதோடு, ஆள் எந்த வேகத்தில் வேலை செய்கிறான் என்று பார்க்கிறவனே கண்ணால் எடை போட்டு ஒரு மார்க்கும் போட வேண்டும். நல்ல தொழிலாளி ஒருவன் ஒழுங்காகச் செய்தால் நூறு. நடிக்கிறான் என்று பட்டால் எண்பது, எழுபது. அந்த மார்க்கை வைத்துக் கணக்குப் போட்டால் நிஜமான நேரம் வந்துவிடும் என்பது ஏற்பாடு. வாட்ச் பொய் சொல்லாது, ஆனால் மார்க்குப் போடுவது மனுஷக் கண். அந்தக் கண்ணில்தான் லியோனார்ட் கில்லாடி. மற்றவர்கள் கையைப் பார்ப்பார்கள், இவன் காலைப் பார்ப்பான். கை நடிக்கும், கால் நடிக்கப் பழகியிருக்காது என்பது அவன் கண்டுபிடிப்பு. கிருஷ்ணப்பனுக்கு எழுபது போடுவான். கிருஷ்ணப்பன் யூனியன் ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து கத்துவான். பேசிப் பேசி எண்பதில் வந்து நிற்கும். சாயங்காலம் இருவரும் ஒரே சிகரெட்டைப் பாதிப் பாதி இழுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டுவார்கள். மூர் மார்க்கெட்டில் பத்து ரூபாய் சொன்ன சாமானை ஐந்துக்குக் கேட்பது போல, இரண்டு பக்கத்துக்கும் பேரம் தெரிந்திருந்தது. யாருக்கும் மோசமில்லை.

அறுபத்தேழில் லண்டனிலிருந்து வில்மாட் என்ற வெள்ளைக்காரர் தொழிற்சாலையை ஆராய வந்தார். மூன்று மாதம் இருந்தார். லியோனார்டின் தாள்களைப் பார்த்துவிட்டு, "உன்னை யாரும் ஏமாற்றுவதில்லை போலிருக்கிறதே" என்றார். "கஷ்டம் சார்" என்றான் இவன். ஊருக்குப் போய் அவர் கடிதம் போட்டார். தங்கள் கம்பெனிக்குக் கீழை நாடுகளில் நிறைய வேலை வருகிறது, துறைமுகத்துக் கூலியாட்களின் பழக்கம் தெரிந்த ஆள் வேண்டும், ஒரு முறை வந்து பார், சரிப்பட்டால் நிரந்தரம்.

அந்தக் கடிதத்தை ராயபுரத்தில் படிக்காதவர்கள் இல்லை. அவன் மனைவி ஃப்ளோராவுக்குக் கல்யாணம் ஆகி அப்போது ஒன்றரை வருஷம். அழுதுகொண்டே புருஷனுக்கு இரண்டு டை வாங்கி வைத்தாள்.

அறுபத்தெட்டு பிப்ரவரியில் ரஜூலா கப்பல் அவனைப் பினாங்கில் இறக்கிவிட்டது. வேலை தீவில் இல்லை. எதிர்க்கரையில், பிறை என்ற துறையில். ஒரு தனியார் கம்பெனிக்கு அங்கே கிடங்குகள் இருந்தன. 'வண்டி' என்கிற சரக்கு ரயில் பெட்டிகளில் வரும் நூறு கிலோ மூட்டைகளை முதுகில் சுமந்து கிடங்கில் அடுக்க வேண்டும். ஆட்கள் அத்தனை பேரும் தமிழர்கள். ஒரு கேங்குக்குப் பன்னிரண்டு பேர், மொத்தம் எட்டுக் கேங். கம்பெனி கேட்டது ஒரே கேள்வி: ஒரு கேங்குக்குப் பன்னிரண்டு பேர் வேண்டுமா, குறைத்தால் எத்தனை? ஒரு வண்டியை இறக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அங்கே யாரும் அதுவரை குறித்து வைத்ததே இல்லை. அதற்குத்தானே இவர்களை வரவழைத்தது. ஒரு கேங்கை ஐந்து நாள் பார்ப்பது, அதன் கணக்கை எட்டுக்கும் போடுவது என்று, லண்டனிலிருந்து வந்து சேர்ந்துகொண்ட வில்மாட் திட்டம் வகுத்தார். கேங்கைப் பார்ப்பது லியோனார்ட். அவன் எழுதும் எண்ணில்தான் தொண்ணூற்றாறு பேரின் வேலை இருந்தது. இது அவனுக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று இருந்தான்.

அந்தக் கேங்கின் தலைவர் பக்ருதீன். ஐம்பதை நெருங்கும் வயசு, தேவிபட்டினத்துக்காரர், இருபது வருஷமாக மூட்டை தூக்கி மரக்கட்டை மாதிரி இறுகிப்போன ஆள். முதல் நாள் காலையிலேயே கிட்டே வந்து நின்றார்.

"தம்பி தமிழாமே? எந்த ஊரு?"

"மெட்ராஸ். ராயபுரம்."

"அட! நம்ம புள்ளையா? இருவது வருஷமா இங்க கிடக்கேன் தம்பி. நம்மாளு ஒருத்தரு வெள்ளைக்காரனுக்குச் சரிசமமா டை கட்டிக்கிட்டு வந்து நிக்கிறத இன்னைக்குத்தான் பாக்குறேன். நல்லா இருக்கணும்."

லியோனார்ட் மரியாதையாகச் சிரித்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டான். வாட்ச் பிடிக்கிறவனிடம் தேன் ஒழுகப் பேசுகிறவர்களை அவன் எண்ணூரிலேயே எத்தனையோ பேரைப் பார்த்தவன். கிருஷ்ணப்பன் கூட முதல் மாதம் வீட்டிலிருந்து மீன் வறுவல் கொண்டுவந்தான்.

வேலை தொடங்கியது. ஒரு வண்டி இறங்க நாற்பது நிமிஷம். அடுத்ததும் கிட்டத்தட்ட அதேதான். லியோனார்ட் நேரத்தைக் குறித்துக்கொண்டு, தன் வழக்கப்படி காலைப் பார்த்தான். கால்கள் இழுத்து இழுத்து வந்தன. மூட்டையைப் போட்டுவிட்டுத் திரும்புகிறவன் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒருத்தன் முழங்காலில் கையூன்றிக் குனிந்திருந்தான். இன்னொருத்தன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்து, உதறிக் கட்டி, மறுபடி அவிழ்த்துத் துடைத்தான். எல்லாரும் அவனைக் கடக்கும்போது ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனார்கள். வாட்ச்சைப் பார்த்துச் சிரிக்கிற தொழிலாளி எதையோ ஒளிக்கிறான் என்பது லியோனார்ட் அனுபவத்தில் கண்ட உண்மை. போதாததற்கு, ஐந்தாவது நாள் வேகம் முதல் நாளைவிடக் குறைந்தது. இதுவும் எண்ணூரில் நடப்பதுதான். நடுவில் ஒரு நாள் எல்லாரும் கூடிப் பேசி, இன்னும் கொஞ்சம் இழுக்கலாம் என்று முடிவு செய்வார்கள். 'அடேயப்பா, எந்தக் கடல் தாண்டினாலும் நம்ம ஜனத்துக்கு இந்த வித்தை மட்டும் மறக்காது' என்று அவனுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

வியாழக்கிழமை பக்ருதீன் அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். நெய்ச்சோறு, கோழி.

"இல்லீங்க பாய். நாங்க பாக்கற ஆளுங்க வூட்ல கை நனைக்கக் கூடாது. சட்டம்."

"ஊருலேருந்து வந்த புள்ளைக்குச் சோறு போடக்கூடாதுன்னு ஒரு சட்டமா?" என்று பக்ருதீன் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

சனிக்கிழமை ஹோட்டல் அறையில் உட்கார்ந்து லியோனார்ட் ரேட்டிங் போட்டான். எழுபத்தைந்து. எழுபது என்றே போட்டிருப்பான். நம் ஆட்களாயிற்றே என்று ஐந்து கூட்டினான். அதற்குமேல் கணக்கு தானாக வந்தது. பன்னிரண்டு பேர் முக்கால் வேகத்தில் நாற்பது நிமிஷத்தில் இறக்குவதை, ஒன்பது பேர் முழு வேகத்தில் அதே நாற்பது நிமிஷத்தில் இறக்கலாம். கேங்குக்கு ஒன்பது பேர். எட்டுக் கேங்கில் இருபத்துநான்கு பேர் மிச்சம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். லியோனார்ட் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஒன்பது என்று அவன் எழுதினால், சங்கத்துக்காரர்கள் வந்து கத்துவார்கள், பேரம் நடக்கும், பதினொன்றில் வந்து நிற்கும் என்றுதான் அவன் மனசார நம்பினான். எண்ணூரில் அப்படித்தான் நடந்தது. பிறையில் யாரும் கத்தவில்லை. அறிக்கையை அங்கே மூட்டை தூக்கியவர்கள் எவரும் கண்ணால் பார்க்கக்கூட இல்லை.

வில்மாட் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேலை நிரந்தரமாயிற்று. அதற்கப்புறம் மூன்று வருஷம் போல சிங்கப்பூர், கொழும்பு, மறுபடி சிங்கப்பூர் என்று லியோனார்ட் போய் வந்துகொண்டிருந்தான். கல்மண்டபத்தில் வீட்டுக்கு மாடி எடுத்தான். ஃப்ளோரா சிங்கப்பூர் நைலக்ஸ் புடவையில் பூசைக்குப் போனாள். அடைக்கலமேரி மட்டும், "என் புள்ள நின்னு பாத்தே மாடி கட்டிட்டான்" என்று மீன்காரிகளிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எழுபத்தொன்று ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லியோனார்டும் ஃப்ளோராவும் பூசை முடிந்து மார்க்கெட் பக்கம் நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு மிளகாய் கொடோன் வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் எழுந்து, கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

"தம்பி! லியோனார்டுத் தம்பி!"

ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை. பிறகு, "பாய்! நீங்க எங்க இங்க?"

"எங்க போக? வந்தாச்சு." பக்ருதீன் பாதிக்குப் பாதி வற்றியிருந்தார். அறுபத்தெட்டுக் கடைசியில் கேங்குக்கு மூன்று பேரைக் கழித்தார்களாம். வயசானவர்களாகப் பார்த்து. அதில் இவரும் ஒருத்தர். சில்லறை வேலை செய்து ஒரு வருஷம் ஓட்டினார். அதற்குள் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவன் வேலைக்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று. இவரோ குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர், கையில் வேலையும் இல்லை, சீட்டை யார் தருவார்கள்? மனைவி அஜீசாவோடு ரஜூலாவில் வந்து இறங்கினார். மருமகன் தண்டையார்பேட்டையில் இருப்பதால் இங்கேயே தங்கிவிட்டார்.

"நீங்க மட்டும் அப்ப அங்க இருந்திருந்தா எங்கள விட்டுக் குடுத்திருப்பீகளா தம்பி? கம்பெனியில யாருக்குமே எங்களத் தெரியல" என்றார்.

லியோனார்டால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் கணக்குச் சரி என்பதில் அவனுக்கு அப்போது சந்தேகமில்லை. வேலை போனவனைக் கண்டால் யாருக்கும் வருகிற சங்கடம்தான் அது என்று நினைத்துக்கொண்டான். பக்ருதீன் அதற்குள் ஃப்ளோரா பக்கம் திரும்பியிருந்தார்.

"வீட்டுல உள்ளவுகளா? அம்மா, உங்க வீட்டுக்காரரு அங்க வந்தப்ப நாங்க என்ன செஞ்சோம் தெரியுமா? சொல்லியிருக்க மாட்டாரு, அவருக்கே தெரியாது!"

"இன்னா செஞ்சீங்க பாய்?"

"வந்து நின்ன மொத நாளே எங்க ஆளுகளக் கூப்பிட்டுச் சொல்லிப்புட்டேன். 'இந்தா பாருங்கடா, நம்ம ஊருப் புள்ள வெள்ளைக்காரன் பக்கத்துல நிக்குது. இது பாக்கையில நாம சுணங்குனா, உன் சனம் சோம்பேறின்னு அது மூஞ்சிக்கு நேரா சொல்லுவான். அஞ்சே நாளு. உசுரக் குடுத்துத் தூக்குங்க. புள்ள பேரு கெடக்கூடாது'ன்னேன். தூக்கினாங்கம்மா! எப்பவும் ஒரு வண்டிக்கு ஒரு மணி நேரம் ஆகும். தம்பி பாத்தப்ப எவ்வளவு தெரியுமா? நாப்பது நிமிசம்! மூச்சு முட்டிப் போச்சு. ஒருத்தன் நடக்க மாட்டாம கால இழுக்குறான், ஆனா தம்பியப் பாத்தா சிரிக்கணும்னு சொல்லி வச்சிருந்தேன்ல, சிரிச்சுக்கிட்டே போறான்!" அவர் கையைத் தட்டிச் சிரித்தார். "காப்பாத்திப்புட்டோம்ல தம்பி, உங்க பேர?"

ஃப்ளோராவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாருங்களேன்" என்று புருஷனைப் பார்த்தாள். அவன் முகத்தில் ரத்தம் இல்லை. வெயில் என்று நினைத்து அவளே கூடையை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து லியோனார்ட் சாப்பிடவில்லை. பழைய தாள்களின் நகல் டிரங்குப் பெட்டியில் இருந்தது. எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஒவ்வொரு வரியும் இப்போது வேறு மாதிரி அர்த்தம் சொன்னது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நடிக்கவில்லை, அவனுக்கு மூச்சு வாங்கியது. ஐந்தாம் நாள் வேகம் குறைந்தது சதி இல்லை, உடம்பில் தெம்பு இல்லை. மாமூல் வேகம் நூறு என்றால் அவர்கள் காட்டியது நூற்றைம்பது. அதற்கு இவன் எழுபத்தைந்து போட்டான். சரியாகப் பாதி. உலகத்தில் எந்தத் தொழிலாளி வாட்ச்சுக்கு முன்னால் ஓடிக் காட்டுவான் என்று அவன் நினைத்ததுகூட இல்லை.

அன்று சாயங்காலமே வில்மாட்டுக்குக் கடிதம் எழுதினான். சுற்றி வளைக்கவில்லை. 'என் ரேட்டிங் தவறு. அந்த ஆட்கள் சக்திக்கு மீறி வேலை செய்ததை நான் சோம்பல் என்று எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு பேரே அங்கே சரியான எண். கம்பெனிக்கு இதைத் தெரிவித்து அறிக்கையைத் திருத்த வேண்டும்.' இதை எழுதினால் வேலை போகலாம் என்று தெரிந்துதான் எழுதினான். அந்தமட்டில் அவனைப் பாராட்ட வேண்டும்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. வில்மாட் கோபிக்கவே இல்லை. கனிவாகவே எழுதியிருந்தார். 'பிறைக் கம்பெனியிடம் விசாரித்தேன். ஒன்பது பேர் கொண்ட கேங்குகள் இரண்டு வருஷமாக நீ குறித்த அளவை எட்டிக்கொண்டிருக்கின்றன. சில வாரங்களில் தாண்டியும் இருக்கின்றன. இடையில் பதினேழு பேர் தாமாகவே வேலையை விட்டார்கள். பதில் ஆள் கிடைப்பதில் சிரமம் இல்லையாம். ஆகவே உன் எண் சரியானதே. நடந்து காட்டிய எண்ணை நாம் எப்படித் தவறு என்று சொல்வது? உன் மனசாட்சி உனக்குப் பெருமை சேர்க்கிறது. ஏப்ரலில் மொம்பாசாவில் ஒரு தேயிலைக் கிடங்கு இருக்கிறது. அதை நீ தனியாகவே நடத்தலாம் என்று நினைக்கிறேன்.'

லியோனார்ட் அந்தக் கடிதத்தைக் கிருஷ்ணப்பனிடம் படித்துக் காட்டினான். தொழிற்சாலை கேட்டுக்கு எதிரே டீக்கடையில். கிருஷ்ணப்பன் முழுசாகக் கேட்டான். கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"வாட்ச்சாண்ட எவனாவது நெஜமா வேலை செய்வானா? இன்னா ஜனம் மாமு அது! ஒரு வார்த்தை எங்களாண்ட கேட்டிருந்தா சொல்லிக் குடுத்திருப்போமே."

"நான் பாய்கிட்ட சொல்லணும்டா."

"இன்னா சொல்லுவ?"

"நான்தான் எழுதினேன்னு."

"சொன்னா வேலை திரும்பி வந்துருமா? அந்தாளு உன்ன நென்ச்சு நிம்மதியா கீறாரு. அத்தையும் புடுங்கணுமா? பேஜாரு புடிச்ச வேலை. வுட்ரு."

"வுட முடிலடா."

"அப்ப உனுக்காகத்தான் சொல்றே. அவருக்காக இல்ல" என்றான் கிருஷ்ணப்பன். அவன் சொன்னது சரியாகவும் இருக்கலாம். லியோனார்ட் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

மறுநாள் மத்தியானம் அவன் மிளகாய் கொடோனுக்குப் போனான். லாரி எதுவும் இல்லாத நேரம். நெடி மட்டும் மூக்கைத் துளைத்தது. பக்ருதீன் ஸ்டூலை அவனுக்குத் தந்துவிட்டுத் தான் படியில் உட்கார்ந்தார். லியோனார்ட் உட்காராமலே சொன்னான். எண்ணூரில் ஆட்கள் எப்படி இழுப்பார்கள், மார்க் எப்படிப் போடுவது, தான் என்ன நினைத்தான், ஒன்பது என்ற எண் எங்கிருந்து வந்தது, எல்லாவற்றையும்.  சொல்லி முடித்ததும் கிழவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எங்களுக்கு எம்புட்டுன்னு மார்க் போட்டீக?"

"எழுபத்தஞ்சு பாய்."

"எத்தனைக்கு?"

"நூத்துக்கு."

பக்ருதீன் மனசுக்குள் எதையோ சரிபார்ப்பது போல உதட்டை அசைத்தார். "முக்காலு" என்றார்.

"தப்பு என்னுதுதான் பாய். மன்னிச்சுடுங்க. உங்க வேலை..."

"வேலைய விடு." அதுவரை 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தவர். "வேலை போனது அல்லா விட்ட வழி. நீ இல்லாட்டி வேற எவனாச்சும் எழுதியிருப்பான். அதுக்கு நான் உன்னைக் கேக்கல." அவர் தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினார். "அந்த அஞ்சு நாளும் ராத்திரி இந்தக் கையி வாயிக்கு எட்டல. தோளு தூக்க விடல. அஜீசா சோத்தப் பிசைஞ்சு புள்ளைக்கு ஊட்டுற மாதிரி எனக்கு ஊட்டி விட்டா. பன்னெண்டு பேரு வீட்டுலயும் அதே கதைதான். கல்யாணமாகாத பயலுக்கு அவன் ஆத்தா ஊட்டுனா. உனக்காகத்தான்னு சொல்லிச் சிரிச்சுக்கிட்டே தின்னோம். அதையா நீ முக்காலுன்னு எழுதுன?"

 மிளகாய் நெடியில் கண்ணீர் விடுவது அந்தத் தெருவில் யாருக்கும் வித்தியாசமாகப் படாது. அதனால் லியோனார்ட் துடைத்துக்கொள்ளவில்லை.

பக்ருதீன் கைகளை மடியில் போட்டுக்கொண்டு, குரல் இறங்கி, கெஞ்சுவது போலக் கேட்டார். "மாத்தி எழுத முடியாதா தம்பி? வேலை எல்லாம் எங்களுக்கு வேணாம். எவனும் திரும்பிப் போகப் போறதில்ல. அந்தக் காகிதத்துல மட்டும், அந்த ஆளுக நூத்துக்கு நூறு செஞ்சாங்கன்னு மாத்தி எழுதிப்புடேன்."

"எழுதிட்டேன் பாய்."

"என்ன சொன்னாங்க?"

"எழுபத்தஞ்சுதான் சரியாம்."

பக்ருதீன் தலையை ஆட்டினார். தெருமுனையில் லாரி ஹாரன் கேட்டது. எழுந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கதவைத் திறக்கப் போனார். மூட்டை இறக்கும் ஆட்கள் நாலு பேர் லாரியிலிருந்து குதித்தார்கள். அவர்களில் ஒருத்தனிடம் அவர் என்னவோ சொல்ல, அவன் திரும்பி லியோனார்டைப் பார்த்துவிட்டு, மெதுவாக, மிக மெதுவாக முதல் மூட்டையைத் தூக்கினான்.

ஏப்ரலில் லியோனார்ட் பம்பாய் போய் மொம்பாசாவுக்குக் கப்பல் ஏறினான். போகாமல் இருந்திருக்கலாம். போனான்.